பஸ்ஸில் படித்தது மறுநாளே மறந்துபோகிறது என்றவருக்கு

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி போகிற பஸ்ஸில் குரூப் 4 குறிப்புகளை நாலைந்து தடவை வாசிக்கிறேன், இறங்கும்போது எல்லாம் தெரிகிறது, மறுநாள் சுத்தமாக இல்லை, ஞாபக சக்தி போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் போகவில்லைங்க, லேகியம் மாத்திரை என்று காசைக் கரைக்காதீர்கள்.

திரும்பத் திரும்பச் சொன்னால் குறுகிய கால நினைவிலிருந்து நீண்ட கால நினைவுக்குப் போய்விடும் என்பது உளவியல் ஆய்வாளர்கள் அட்கின்சன், ஷிஃப்ரின் 1968-இல் சொன்னது. 1972-லேயே கிரெய்க்கும் லாக்ஹார்ட்டும், எத்தனை தடவை என்பதைவிட எவ்வளவு ஆழமாகப் பொருளை யோசித்தோம் என்பதுதான் முக்கியம் என்றார்கள். ‘கிருஷ்ணகிரி மாவட்டம் 2004’ என்று முணுமுணுக்காமல், அது தர்மபுரியிலிருந்து பிரிந்தது, தர்மபுரியே 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான் என்று கோத்துப் பாருங்கள்.

அப்புறம் பஸ்ஸில் போடுகிற பாட்டு! சொற்களை மனசுக்குள் ஒலியாகச் சுழற்றிப் பிடித்துவைக்க ஒரு தனிப் பகுதி உண்டு என்பது பேட்லி, ஹிட்ச் 1974-இல் சொன்னது. பாட்டு வரிகள் நேரே அங்கேதான் புகுந்து குழப்பும்.

இறங்கும்போது தெரிகிறது, மறுநாள் இல்லை என்கிறீர்களே, ரோடிகர், கார்ப்பிக் 2006-இல் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி மறுபடி வாசித்தவர்கள் முன்னே, ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னே. நானாக இருந்தால் வீட்டில் படித்துவிட்டு, பஸ்ஸில் நோட்டை மூடியே வைத்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்ப்பேன், முட்டுகிற இடத்தில் மட்டும் திறப்பேன்.