லீவு முடியும்போதெல்லாம் ஒரு காணி: கல்லடி வாசகருக்குப் பதில்

கேள்வி: அன்புள்ள ஐயா, எனக்கு வயது 34. ஊர் கல்லடி. பாடசாலைக் காலத்திலும் கல்லூரியிலும் 400 மீற்றர் ஓட்டக்காரன். வெபர் மைதானத்தில் அப்போது என்னைத் தெரியாதவர்கள் குறைவு. இப்போது வெளிநாட்டு வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கடலில் இருக்கும் மாதங்களுக்கு 3,200 டொலர் சம்பளம். வருடத்தில் சுமார் ஏழு மாதம் கடல், மிச்சம் சம்பளமில்லாத லீவு. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு வீரராக இருந்து, கடற்படை அதிகாரியாகி, பிறகு வீடு, காணி முதலீட்டில் செல்வந்தரானவர்களைப் பற்றிப் படித்து நானும் இறங்கினேன். செங்கலடியில் 40 பேர்ச், களுவாஞ்சிகுடியில் 20 பேர்ச், வவுணதீவுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பேர்மிட் காணி, மொத்தம் 78 இலட்சத்துக்கு வாங்கியிருக்கிறேன். மனைவியின் நகை 30 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது, வருட வட்டி 16 சதவீதம். வெளியே ஒருவரிடம் 10 இலட்சம், மாதம் 3 வட்டி. எல்லாவற்றையும் அக்காவின் கணவர் பார்க்கிறார். என் பெயரில் கையெழுத்து வைக்கும் அற்றோணித் தத்துவத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது அறுகம்பேயில் ஒரு காணி பார்த்திருக்கிறார். மிச்ச நகையை வைத்து முற்பணம் கொடுத்து, மனைவியின் சீதன வீட்டை ஈடு வைத்து 60 இலட்சம் வங்கிக் கடன் எடுத்து, உல்லாசப் பயணிகள் தங்க மூன்று கபானாக் குடில்கள் கட்டலாம் என்கிறார். மனைவிக்குச் சம்மதமில்லை. தங்கைக்கும் இரண்டு வருடத்துக்குள் வீடு கொடுத்துக் கல்யாணம் செய்ய வேண்டும். மூன்று வாரத்தில் கப்பல் ஏறுகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அறுகம்பேக் காணிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாய்வார்த்தை கொடுத்திருந்தால் அதையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

சேமிப்பு, காப்புறுதி, ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடாமை பற்றியெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கப்பலின் பாதையை வரைபடத்தில் குறிப்பவர் நீங்கள். உங்களைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம். உங்கள் கடிதத்தோடு வந்த திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று காணிகளும் லீவின் கடைசி மாதத்தில் வாங்கியவை. மூன்று முறையும் கையில் காசு முடிந்திருந்தது, மூன்று முறையும் நகை வங்கிக்குப் போயிருக்கிறது. கப்பலில் உழைப்பது முந்திய லீவின் அடகுக்கே போகிறது. அடுத்த லீவில் அதே நகை திரும்பவும் போகிறது. உங்கள் மனைவி பாடசாலைச் சம்பளத்திலிருந்து வட்டியை மட்டும் கட்டி, அடகுச் சீட்டைப் புதுப்பித்து, புதிய திகதி அடித்த சீட்டைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டு எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டது என்று அவரிடம் கேட்டீர்களா?

கணக்கைப் பாருங்கள். அடகுக்கு வருட வட்டி 4 இலட்சத்து 80 ஆயிரம். வெளிக்கடன் 10 இலட்சத்துக்கு மாதம் 30 ஆயிரம், வருடத்துக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 8 இலட்சத்து 40 ஆயிரம். காணிகளிலிருந்து வரும் வருமானம் என்று நீங்கள் எழுதியிருப்பது களுவாஞ்சிகுடித் தென்னைக் குத்தகை 40 ஆயிரம் மட்டும். ஆக வருடத்துக்கு 8 இலட்சம் கையிலிருந்து போகிறது. 78 இலட்சம் பெறுமதியான காணி ஒவ்வொரு வருடமும் 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏறினால்தான் உங்கள் வட்டிக்கே சரி. விற்பவர் சொல்லும் விலைக்கும் வாங்குபவர் எண்ணிக் கொடுக்கும் விலைக்கும் உள்ள தூரம் நம்மூரில் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் படித்த அமெரிக்கக் கதைகளில் ஆகப் பிரபலமானவர் ரொஜர் ஸ்டோபாக். அவரை முன்மாதிரியாகக் கொள்வதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, முழுவதையும் படித்தால் போதும். கடற்படை அக்கடமியில் படிக்கும்போதே 1963 இல் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் விருதை வாங்கினார். 1965 இல் பட்டம் பெற்று நான்கு வருடம் கடற்படை அதிகாரியாக இருந்தார். அதில் ஒரு வருடம் வியட்நாமில். 1969 இல், 27 வயதில், புதுமுகமாக டலஸ் கவ்போய்ஸ் அணிக்கு வந்து 1979 வரை ஆடினார். போட்டியில்லாத மாதங்களில் என்ன செய்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பகுதி. டலஸில் வீடு, காணி வர்த்தகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போனார். அடுத்தவர் காணியில், அடுத்தவர் காசில், தொழிலைக் கற்றுக்கொண்டார். 1977 இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் பிரதான வேலை கட்டடம் வாங்குவதல்ல. அலுவலகம் வாடகைக்குத் தேடும் கம்பனிகளுக்காகக் கட்டட உரிமையாளர்களோடு பேரம் பேசிக் கட்டணம் வாங்குவது. 2008 இல் அது 61 கோடி டொலருக்கு மேலான விலைக்கு ஜோன்ஸ் லாங் லசால் நிறுவனத்துக்குக் கைமாறியது. அவருடைய பெரும் செல்வம் இப்படி வந்தது. மனைவியின் நகையை வைத்து, வேலி போடாத காணி வாங்கி வந்ததல்ல.

மற்றக் கதைகளில் வருவோரில் பலர், முன்னாள் படையினருக்கான வீட்டுக் கடனில் தொடங்கியவர்கள். 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த திட்டம் அது. முற்பணமே இல்லாமல் நான்கு குடியிருப்புகள் வரை உள்ள கட்டடத்தை வாங்கலாம். ஒன்றில் தாம் குடியிருந்து மற்றவற்றை வாடகைக்கு விடலாம். வங்கிக்கு அரசு உத்தரவாதம் நிற்கும். அங்கே வட்டி வீதத்தை 30 வருடத்துக்கும் மாறாமல் நிலைப்படுத்தி வைக்கலாம். வாடகை ஏறும், தவணை ஏறாது. அந்தக் கதைகள் ஓடுவது இந்த அடித்தளத்தில்தான். காணொளியில் பாடம் நடத்திக் கட்டணம் வாங்குபவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டு 'கடனில் செல்வம்' என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது.

நம் நாட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது மாறும் வட்டி. 2021 முடிவில் வங்கிகள் தம் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களிடம் வாங்கிய சராசரி வட்டி 9 சதவீதத்துக்கும் குறைவு. 2022 முடிவில் அது 27 சதவீதத்தைத் தாண்டியது. ஒரே வருடத்தில்! அப்போது 60 இலட்சம் கடன் இருந்திருந்தால் வட்டி மட்டும் மாதம் 1 இலட்சத்து 35 ஆயிரம். வட்டி 13 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 15 வருடத்துக்குத் தவணை மாதம் ஏறக்குறைய 76 ஆயிரம், வருடம் 9 இலட்சத்து 10 ஆயிரம்.

இதற்கு எதிரே அத்தான் சொல்லும் வருமானத்தை எழுதுவோம். அறுகம்பேயில் நல்ல பருவம் ஐந்து மாதம் என்று வைத்து, 150 நாளில் பாதி நாள் மூன்று கபானாவும் நிறைந்தால், இரவுக்கு 6,000 ரூபாய் வீதம் 13 இலட்சத்து 50 ஆயிரம். முன்பதிவுத் தளங்களின் தரகு 15 சதவீதம், 2 இலட்சம். காவலும் துப்புரவும் பார்க்கும் ஒருவருக்கு மாதம் 40 ஆயிரம், வருடம் 4 இலட்சத்து 80 ஆயிரம். ஆளில்லாத மழை மாதங்களிலும் அவருக்குச் சம்பளம் உண்டு. மின்சாரம், தண்ணீர், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் எல்லாம் சேர்த்து இன்னுமொரு இரண்டரை இலட்சம். மிஞ்சுவது 4 இலட்சம் சொச்சம். தவணை 9 இலட்சம். ஆண்டுதோறும் 5 இலட்சம் நீங்கள் போட வேண்டும், அதுவும் எல்லாம் நன்றாக நடந்தால். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2020 கொரோனாவில், 2022 பொருளாதார நெருக்கடியில் என்ன நடந்தது என்று பக்கத்துப் பொத்துவில்காரர்களைக் கேளுங்கள். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் விடுத்த ஒரு எச்சரிக்கைக்கே அறுகம்பே அதிர்ந்தது.

ஈடு வைக்கப்போவது உங்கள் வீடுமல்ல. அது உங்கள் மனைவிக்கு அவர் பெற்றோர் சீதனமாகக் கொடுத்தது. மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் தங்கைக்கும் அதைத்தானே செய்ய ஓடுகிறீர்கள். உறுதியில் பெயர் உள்ளவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

வாங்கியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வவுணதீவுக் காணிக்கு நீங்கள் கொடுத்த 15 இலட்சத்துக்கு உங்களிடம் இருப்பது ஒரு உடன்படிக்கைத் தாள். பேர்மிட் காணி 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. உரிய எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. பேர்மிட்டில் இன்னும் பழைய ஆளின் பெயர்தான். மண்முனை மேற்குப் பிரதேச செயலகத்தில் காணிக் கிளைக்கு இந்த மூன்று வாரத்துக்குள் நீங்களே போய், இதை உங்கள் பெயருக்கு மாற்ற வழி உண்டா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வழி இல்லையென்றால், விற்றவரிடம் பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றிச் சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

செங்கலடிக் காணிக்கு வேலி இல்லை, யாரோ மரவள்ளி நட்டிருக்கிறார்கள், 'பாவம், இருக்கட்டும்' என்று அத்தான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரக்கம் நல்லது. ஆனால் நம் சட்டத்தில், உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் தடையின்றி ஆட்சி செய்தவர் நீதிமன்றத்தில் அந்தக் காணியையே கேட்கலாம். வருடத்தில் ஏழு மாதம் நடுக்கடலில் இருப்பவர் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. நட்டவரோடு ஒரு சிறு குத்தகை உடன்படிக்கை எழுதுங்கள், குத்தகை ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை; உங்கள் அனுமதியோடு இருக்கிறார் என்பது எழுத்தில் இருக்கும். பிறகு வேலி போடுங்கள்.

இனிக் கடன். டொலர் ஒன்றுக்கு 300 ரூபாய் என்றால் இந்தப் பயணத்தில் உங்களுக்கு வருவது ஏறக்குறைய 67 இலட்சம். வீட்டுச் செலவு மாதம் ஒன்றே முக்கால் இலட்சம் என்கிறீர்கள், வருடத்துக்கு 21 இலட்சம். மிச்சம் 46 இலட்சம். உங்கள் மொத்தக் கடன் 40 இலட்சம்! புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தால், வட்டியும் சேர்த்து, ஒரே பயணத்தில் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிடும். முதல் இரண்டு மாதச் சம்பளம் மாதம் 3 வட்டிக்காரருக்கு. மூன்றாம் மாதத்திலிருந்து நகை, பகுதி பகுதியாக. பணம் நேரே மனைவியின் கணக்குக்குப் போகட்டும், சீட்டும் அவரிடமே இருக்கட்டும். லீவு மாதங்களுக்கான செலவை மட்டும் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே விட்டுவையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தங்கைக்குப் புதிதாக எதையும் தேடாதீர்கள். களுவாஞ்சிகுடி 20 பேர்ச் உறுதிக் காணி, பாதையோரம், கிணறு உண்டு. அதை அவருக்குக் கொடுத்து, அடுத்த லீவில் ஆறுதலாகச் செங்கலடியை விற்று, அந்தப் பணத்தில் வீட்டைத் தொடங்குங்கள். இந்த மூன்று வாரத்துக்குள் விற்க முயலாதீர்கள். வாங்குபவர் உங்கள் கப்பல் திகதியைப் பார்த்து விலை சொல்வார். தங்கைக்கு அந்த ஊர் பிடிக்குமா என்று அவரையும் கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

அத்தானைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் மூன்று காணியிலும் அவர் தரகு வாங்கினாரா, யாரிடம் வாங்கினார் என்று உங்களுக்கே தெரியாது என்கிறீர்கள். காணி வாங்கித் தருபவரிடம், உங்கள் பெயரில் கையெழுத்து வைக்கும் அதிகாரமும் இருக்கக் கூடாது. நொத்தாரிசிடம் போய் அற்றோணித் தத்துவத்தை இரத்துச் செய்து, அந்த இரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்து, ஒரு பிரதியை வங்கிக்கும் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். அக்காவின் மனம் நோகும் என்று தயங்கினால், கடன் தீரும் வரை எந்தக் கையெழுத்தும் மனைவியோடு சேர்ந்துதான் என்று முடிவெடுத்திருப்பதாக அவர்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்து, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களே நேரில் சொல்லுங்கள்.