அப்பாவுக்கு விளங்காத கார்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கட்டுரைகளில் எப்போதாவது உங்களுடைய பழைய மஸ்டா3 தலைகாட்டும். அந்தத் துணிவில் எழுதுகிறேன். நானும் மஸ்டா பைத்தியம். இப்போது ஓடுவது 2017ஆம் ஆண்டு சிஎக்ஸ்-5. மாற்ற நினைத்து மூன்றாம் தலைமுறை சிஎக்ஸ்-5ஐப் போய்ப் பார்த்தேன். 15.6 அங்குலத் திரை, உள்ளே கூகிள், பொத்தான் நெரிசல் இல்லாத சுத்தமான டாஷ்போர்ட். ஒருவழியாக மஸ்டாவும் இந்த நூற்றாண்டுக்கு வந்துவிட்டது!

இப்போதே வாங்கவா, அல்லது ஸ்கைஅக்டிவ்-ஸெட் என்ற புது எஞ்சினோடு 2027இல் வரும் என்கிற ஹைபிரிட்டுக்குக் காத்திருக்கவா? சீனத்துச் சாங்கானோடு சேர்ந்து செய்த 6ஈ மின்சாரக் காரை மஸ்டா என்றே சொல்லலாமா? ரோட்டரி எஞ்சின் திரும்பி வருமா?

வீட்டில் அப்பாவுக்கு மட்டும் புதுக் கார் பிடிக்கவில்லை. ஊரில் மினிபஸ் ஓட்டியவர், எழுபது வயது. பழையதே போதும் என்கிறார். பாவம், அவருக்கு டெக்னாலஜி விளங்காது.

எஸ். ஆர்., ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் ஒரு கிழமையாக மேசையில் கிடக்கிறது. கார் வாங்குவது பற்றிய கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், வீடியோவும் போடுகிறார்கள். ஆனால் அண்மையில் அதே சிஎக்ஸ்-5இல் நானும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இறங்கி வரும்போது எதையோ உள்ளே வைத்துவிட்டு வருகிற மாதிரி ஓர் அந்தரம். என்ன அது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உமது கடைசி வரி வந்து விழுந்தது. அந்த வரிக்கு வருகிறேன். முதலில் சில்லறைகளை முடித்துவிடுவோம்.

சாங்கான் விசயம் ஒரு விசயமே இல்லை. 1979இல் ஃபோர்ட் மஸ்டாவின் கால்வாசிப் பங்கை வாங்கியது. 1996இல் அது 33.4 வீதமாக ஏறி, ஹென்றி வொலஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தலைவர் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார். யப்பானியக் கார் நிறுவனமொன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுதான் முதல்தடவை. அதற்கே சாகாத மஸ்டா, நான்ஜிங்கில் ஒரு கார் செய்வதாலா சாகப்போகிறது? விடும்.

ரோட்டரி, பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழல்கிற அந்த எஞ்சின், ஏற்கெனவே வந்துவிட்டது. 2023இல் எம்எக்ஸ்-30க்குள், 830 சிசி, ஒரேயொரு ரோட்டர், பற்றறிக்கு மின்சாரம் உண்டாக்குகிற எடுபிடி வேலைக்கு. நீர் கேட்பது அதையல்ல, நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றில் அலறுகிற பழைய ஆர்எக்ஸ்-8இன் வாரிசை. 2023இல் ஐகோனிக் எஸ்பி, 2025இல் விஷன் எக்ஸ்-கூப்பே என்று டோக்கியோவில் ஆசை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கண்காட்சிக் கார் கலியாணவீட்டு வாசலில் கட்டின வாழை மாதிரி. குலையோடு நிற்கும். பழுக்க முதல் கலியாணம் முடிந்துவிடும்.

இனி 'இந்த நூற்றாண்டுக்கு வந்துவிட்டது' என்றீரே, அது.

தம்பி, மஸ்டா பைத்தியம் என்று சொல்கிற ஒருவர் இப்படி எழுதலாமா? ஊரோடு ஒத்தோடாமல் இருந்ததுதானே அந்த நிறுவனத்தின் அழகு. 1920இல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யத் தொடங்கியவர்கள், 1931இல் மூன்றுசில்லு லொறிக்கு வந்தார்கள். 1945 ஓகஸ்ட் 6இல் ஊர் சாம்பலானபோது, ஹிஜியாமா குன்று மறைத்ததில் தொழிற்சாலை தப்பியது. மாகாண நிர்வாகமே அந்தக் கட்டடத்துக்குள் வந்து இயங்கியது. அதே டிசம்பரில் மறுபடி லொறி செய்தார்கள். பிறகு, மற்றவர்கள் பின்னால் கையைச் சுட்டுக்கொண்டு விட்டுப்போன ரோட்டரி எஞ்சினைப் பிடித்தார்கள். கெனிச்சி யமமோட்டோவின் கீழ் 47 பொறியியலாளர்கள். எஞ்சினின் உட்சுவரில் விழுந்த அதிர்வுக் கோடுகளுக்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்து அதோடு மல்லுக்கட்டி, 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட்டை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் எஞ்சினைச் சின்னதாக்கி டேர்போ பூட்டிய காலத்தில், இவர்கள், எஞ்சின் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்கிற அழுத்த விகிதத்தை 14க்கு ஏற்றிவைத்துக்கொண்டு டேர்போ வேண்டாம் என்றார்கள். இங்கே கனடாவுக்கு வந்த காரில் 13.

பிடிவாதம். அதைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம்.

அந்தப் பிடிவாதத்தின் உச்சம் 2019. உலகமே தொடுதிரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது புதிய மஸ்டா3இல் தொடுதிரையையே எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டீரானால் வியப்பீர். திரையைத் தொடுவதற்காகச் சாரதி கையை நீட்டும்போது தன்னையறியாமல் ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் இழுக்கிறான், கார் கோட்டை விட்டு நகர்கிறது என்று கண்டார்கள். அதனால் திரையைக் கைக்கு எட்டாத தூரத்தில், கண்ணுக்குச் சுகமான இடத்தில் வைத்தார்கள். கியருக்குப் பின்னால், கை இயல்பாக விழுகிற இடத்தில், ஒரு குமிழ். என்னுடைய 2015க்குள் தொடுதிரை இருக்கிறது. ஆனால் கார் நகரத் தொடங்கியதும் அது விரலுக்குப் பதில் சொல்லாது. கடைக்குப் போன பிள்ளைக்குக் கடைக்காரன், 'காசைத் தா, கதையைப் பிறகு கதை' என்று சொல்கிற மாதிரி, 'ரோட்டைப் பார்' என்று சொல்லிவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

இப்போது அதே நிறுவனம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழையும் எடுத்துவிட்டது, ஹீற்றரையும் திரைக்குள் அனுப்பிவிட்டது. குரலால் சொன்னால் போதுமாம். எங்கட ஆங்கிலம் அதற்கு விளங்கினால் பார்ப்போம். பெப்ரவரியில் கையுறையோடு அந்தத் திரையைத் தட்டிப் பார்த்தபிறகு எனக்கு எழுதும்.

ஏழு வருடத்துக்கு முதல் சாரதியின் கை எப்படி இருந்ததோ அப்படியேதான் இப்போதும் இருக்கிறது. ஸ்ரியறிங்கை இழுக்கிற பழக்கத்தையும் அது விடவில்லை. அன்று சொன்னது உண்மை என்றால் இன்று செய்வது என்ன? 2022இல் சுவீடன் நாட்டுச் சஞ்சிகை ஒன்று பழைய விமான ஓடுபாதையில் கார்களை மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டி, ஹீற்றரைக் கூட்டு, ரேடியோவை மாற்று என்று சில சின்ன வேலைகளைச் சாரதிகளிடம் கொடுத்துப் பார்த்தது. 2005ஆம் ஆண்டு வொல்வோ வி70இல், எல்லாம் பொத்தான், பத்து விநாடியில் வேலை முடிந்தது. கார் ஓடிய தூரம் 306 மீட்டர். திரை நிறைந்த எம்ஜி மார்வெல் ஆரில் அதே வேலைகளுக்கு 1,372 மீட்டர். ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தம்பி. நீர் 401 நெடுஞ்சாலையில் போகும்போது நினைத்துப் பாரும். ஐரோப்பிய மோதல் சோதனைக்காரரே 2026இலிருந்து இண்டிகேற்றர், ஹோர்ன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் பிடிக்கக்கூடிய விசை இல்லையென்றால் புள்ளியைக் குறைப்போம் என்கிறார்கள். எல்லோரும் திரும்பி வருகிற நேரத்தில் மஸ்டா புறப்பட்டுப் போகிறது.

இதற்கு நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று எனக்கே தெரியும். மஸ்டா இல்லை காரணம்.

பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. கரவெட்டியில் ஹையர், அதாவது வாடகைக் கார், ஓடியவர். 1990இல் கரண்ட் போய், பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் என்பது மருந்துக்கும் கிடைக்காத பொருளான பிறகும் அந்தக் கார் ஓடியது, மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெயை நெருக்கி அழுத்தினால் பொறி வர முதலே தானாக வெடித்து எஞ்சினை உதைக்கும். ஏ40 தன் கலவையை ஏழு மடங்கு சொச்சம்தான் அழுத்தும், ஆகவே பொறுத்துக்கொள்ளும். பதின்மூன்று மடங்கு அழுத்துகிற உம்முடைய காரைக் கொடுத்திருந்தால் பெரியப்பா அதைக் கோழிக்கூடாக்கியிருப்பார். ஐம்பதுகளில் வந்த ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்தில் சாகாமல் நின்றதற்கு அன்பு பாதி, அழுத்தம் பாதி.

பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தல் தொங்கும். அதில் கொஞ்சம் பெற்றோல். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். முந்தி மாற்றினால் இருமிச் செத்துவிடும். பிந்தினால் பெற்றோல் வீண். எப்போது மாற்றுவது என்பதற்கு முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை. பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு வழிநெடுக, எஞ்சின் சுருதி இறங்கும்போதெல்லாம், காற்றைக் குறைத்துக் கலவையைத் தடிப்பாக்குகிற சோக் குமிழை ஒரு நூல் இழுத்து, ஒரு நூல் விட்டு.

1993இல் ஓர் இரவு அம்மம்மாவுக்கு முட்டு வருத்தம் வந்து மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் முன்சீற்றில். பாதி வழியில் இராணுவ ஹெலிச் சத்தம். பெரியப்பாவின் இடக்கை போனது, லைற் நூர்ந்தது. அவர் குனியவில்லை, தடவவில்லை. பிறகு முழு இருட்டு. வானத்தோடு ஒட்டின பனைகளின் நிழலை வைத்து ரோட்டைப் பிடித்துக்கொண்டு உருட்டினார். எஞ்சின் இருமும்போது கை சோக்குக்குப் போகும். வாய் மட்டும் நிற்கவில்லை. 'இந்தா வந்திட்டுது மாமி, மூச்சை ஆறுதலா இழுங்கோ, போன முறை குடுத்த அந்த வெள்ளைக் குளிசை கிடக்கோ வீட்டை?' என்று பின்னாலிருக்கிற அம்மம்மாவோடு கதைத்துக்கொண்டே வந்தார். கண் பனையில், வாய் மாமியாரில், கை தன்பாட்டில். அம்மம்மா பிறகும் ஆறு வருடம் இருந்தா.

அடுத்த நாள் முற்றத்தில் காரை விட்டு என்னைச் சாரதி சீற்றில் இருத்தி, சால்வையால் கண்ணைக் கட்டினார். 'லைற்.' பிடித்தேன். 'சோக்.' வைப்பரைப் பிடித்தேன். பிடரியில் ஒரு தட்டு. 'விரலுக்குத் தெரிய வேணுமடா. கண்ணுக்கு வேற வேலை கிடக்கு.' பன்னிரண்டு வயது எனக்கு. ஒரு மணித்தியாலம் அந்த விளையாட்டு நடந்தது.

95 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தபோது, சாவகச்சேரிப் பக்கம் போய் அந்தக் கார் எத்தனை முறை சனத்தை ஏற்றி இறக்கியது என்று கணக்கில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள்.

இப்போது உமது அப்பா. ஊரில் மினிபஸ் ஓட்டியவர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர். அந்தக் காலத்து மினிபஸ் ஓட்டம் என்ன என்று அவரிடம் எப்போதாவது கேட்டீரா? சரி, அது போகட்டும். இதை மட்டும் யோசியும். ஊரில் சாரதி வலப்பக்கம். கியரும் குமிழும் எல்லாம் இடக்கைக்கு. கனடாவுக்கு வந்து இறங்கியதும் எல்லாம் தலைகீழ். நீர் பதினாறு வயதில் ஒரேயடியாக இந்தப் பக்கத்தைப் பழகினவர். அவர் வளர்ந்த மனிதனாக, பனிக்குள், குடும்பத்தைப் பின்னால் இருத்திக்கொண்டு, இடக்கை அறிந்ததையெல்லாம் வலக்கைக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நாளும் உமக்கு அது தெரியவந்திராது. கதவுப் பக்கம் போய்க் கியரைத் தேடின கையைப் பின்சீற்றில் இருந்து யார் கண்டது? உமது ஃபோன் புதுப்பிக்கப்பட்டு ஒரு படக்குறி இடம்மாறினாலே நீர் அரைநாள் புறுபுறுப்பீர்.

அவருக்கா டெக்னாலஜி விளங்காது? 'பாவம்' வேறு. எழுதமுதல் கொஞ்சம் யோசிக்கவேண்டாமா?

கோபமில்லை. நானும் உம்முடைய வயதில் என் அப்பாவைப் பற்றி இதைவிட மோசமாக எழுதி, அதை ஒரு சஞ்சிகையில் அச்சிலும் பார்த்தவன்.

ஹைபிரிட்டுக்குப் பொறுப்பதா என்று கேட்டிருந்தீர். அதை உமது 2017தான் சொல்லவேண்டும். ரொறன்ரோ உப்பு அடிப்பாகத்தை எவ்வளவு தின்றிருக்கிறது என்று கராஜில் ஏற்றிப் பாரும். துரு ஆழமில்லை என்றால் 2027 வரை ஓட்டும். முதல் வருடத்து எஞ்சினை வாங்குவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, அது ஸ்கைஅக்டிவ்-ஸெட் ஆனாலும் சரி.

எதுவானாலும் இன்னொருமுறை காட்சியறைக்குப் போம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அவரைச் சாரதி சீற்றில் இருத்தி, நீர் பக்கத்தில் இரும். நல்ல ரோட்டுக்கு வந்ததும், 'ஹீற்றரைக் கொஞ்சம் குறையுங்கோ அப்பா' என்று சொல்லும். திரையைப் பார்க்கவேண்டாம். அவருடைய வலக்கை எங்கே போய்த் தேடுகிறது என்று பாரும்.