சென்ட்ரல் லைன் இருப்பவருக்கு ஈஸ்ட் காப்ஸ்யூல் கொடுக்கலாமா?

கீமோ எடுக்கும் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, நெஞ்சில் சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்றுவதற்காகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் வைத்திருக்கும் மெல்லிய குழாய்) வேறு இருக்கிறது, வீட்டில் இருக்கும் ஈஸ்ட் காப்ஸ்யூலைப் பிரித்துக் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அந்தக் காப்ஸ்யூலில் இருக்கும் சாக்கரோமைசிஸ் புலார்டி கெட்ட கிருமி ஒன்றும் இல்லை. 1920களில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலில் இருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட் அது. ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது, அதனால் ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வரும் வயிற்றுப்போக்குக்கும் மற்றபடி ஆரோக்கியமானவர்களுக்கு உதவுகிறது. ஆனால் உயிரோடு இருக்கும் ஈஸ்ட். காப்ஸ்யூலைத் திறந்தாலே மெல்லிய தூள் பறக்கும், நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதே கையால் லைனின் மூடியைத் தொட்டால் நேராக ரத்தத்துக்குள் போக வழி கிடைத்துவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் குடல் வழியாகவும் ரத்தத்தில் கலக்கலாம். சென்ட்ரல் லைன் உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இது கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2017இலேயே சொல்லிவிட்டது. வீட்டில் வேறு யாராவது சாப்பிட்டாலும், அப்பா இருக்கும் அறையில் திறக்க வேண்டாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சரி, பதற வேண்டாம், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் நடு இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். போனதும் ஈஸ்ட் கொடுத்ததை முதலில் சொல்லுங்கள். ஈஸ்ட் ஒரு வகைப் பூஞ்சை, அதற்கான மருந்து தனி. அப்புறம், கீமோ நேரத்து வயிற்றுப்போக்கையே இன்று டாக்டரிடம் காட்டுவது நல்லது.