ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். புளூடூத் ஸ்கேனர் வாங்கி போனில் பார்த்தேன், பி0171 என்று எரர் கோடு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்ஜின் சூடான பிறகு நான் குறித்த ரீடிங் இது: ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஷார்ட் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் +6, லாங் டேர்ம் +19, மாஸ் ஏர்ஃப்ளோ நொடிக்கு 1.7 கிராம். நின்ற இடத்திலேயே 2500 ஆர்.பி.எம். வைத்தால் ட்ரிம் +1, +5 என இறங்குகிறது, ஏர்ஃப்ளோ 7.4. முன் ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.8க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. பின்னால் உள்ளது 0.7இல் அசையாமல் நிற்கிறது. கூலன்ட் 91 டிகிரி. சென்சாரை மாற்றிவிடலாமா? பின் சென்சாரும் போய்விட்டதா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். அந்தக் கோடை அழிக்கவும் வேண்டாம்.

பி0171 என்றால் "கலவை லீனாக இருக்கிறது", அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. நடந்ததைப் பார்த்துச் சொல்கிற சாட்சிதான் சென்சார். சாட்சியைப் பிடித்து உள்ளே போட்டால் திருடன் கிடைக்க மாட்டான். நானும் ஒரு காலத்தில் இதே கோடுக்காக என் சொந்தக் காரில் இரண்டு முறை சென்சார் மாற்றியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் ஒரு ரப்பர் குழாயின் அடிப்பக்கம் கிழிந்திருந்தது.

உங்கள் முன் சென்சார் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த ஆட்டமே அத்தாட்சி. செத்த சென்சார் ஒரே இடத்தில் படுத்துவிடும். சோம்பலான சென்சார் மெதுவாக ஆடும். ஆனால் ஒன்று: மலிவு ஸ்கேனர்களின் வேகம் குறைவு. பத்து ரீடிங்கை ஒன்றாகத் திரையில் வைத்தால் நல்ல சென்சார்கூட சோம்பலாகத் தெரியும். மூன்று நான்கு மட்டும் வைத்துப் பாருங்கள்.

சரி, ட்ரிம்முக்கு வருவோம். வீட்டில் பார்க்கக்கூடிய ரீடிங்கிலேயே அதிகம் பேசுவது இதுதான். இன்ஜினின் கம்ப்யூட்டர் தன் கணக்குப்படி பெட்ரோல் விடுகிறது. கலவை லீனாக இருந்தால் கூட்டுகிறது, ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, இருந்தால் குறைக்கிறது. அந்தக் கூட்டல் கழித்தல்தான் ட்ரிம். ஷார்ட் டேர்ம் அந்த நொடியின் திருத்தம். லாங் டேர்ம் பல நாள் அனுபவத்தில் பழகிய திருத்தம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் பத்து சதவீதத்துக்குள், கூடவோ குறையவோ, இருந்தால் கவலையில்லை. உங்களுக்கு ஐடிலில் 25, 2500இல் 6.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஐடிலில் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) எண்ணிய காற்று நொடிக்கு 1.7 கிராம். கம்ப்யூட்டர் 25 சதவீதம் அதிகப் பெட்ரோல் விட்டால்தான் கலவை சரியாகிறது என்றால், இன்ஜினுக்குள் போகும் காற்று உண்மையில் சுமார் 2.1 கிராம். அதாவது நொடிக்கு 0.4 கிராம் காற்று சென்சாருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக நுழைகிறது. 2500இல் அதே 0.4ஐ 7.4இல் வகுத்துப் பாருங்கள்: ஐந்தரை சதவீதம். நீங்கள் பார்த்தது 6! ஓட்டை அதேதான், இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்று கூடியதால் அதன் பங்கு சிறுத்துவிட்டது. இது வேக்கம் லீக்கின், அதாவது ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுவதன், கைரேகை.

பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ தகராறு செய்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: ஐடிலில் ட்ரிம் ஓரளவு சரியாக இருக்கும், மேட்டில் ஏறும்போது எகிறும். ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்தாலும் பெரும்பாலும் வேகம் கூடக் கூட ட்ரிம் ஏறும். (இந்தக் கணக்கெல்லாம் மாஸ் ஏர்ஃப்ளோ உள்ள வண்டிக்குத்தான். இன்டேக்கில் உள்ள காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடும் வண்டியில் லீக் இருந்தால் ட்ரிம் பெரிதாக ஏறாமல், ஐடில் வேகம் மட்டும் கூடிப்போகலாம்.)

இப்போது ஓட்டையைத் தேட வேண்டும். முதலில் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று இருப்பதைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோடு விழுந்த கணத்தில் ஆர்.பி.எம்., வேகம், வெப்பம் எல்லாம் என்னவாக இருந்தன என்று அதில் பதிவாகியிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும், அதனால்தான் அழிக்க வேண்டாம் என்றேன்.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஏர்ஃப்ளோ சென்சாரிலிருந்து த்ராட்டில் பாடி வரை போகும் தடித்த ரப்பர் குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். அதில் மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலே பளபளவென்று இருந்தாலும் அடி மடிப்பில் வெடித்திருக்கும். விரலை உள்பக்கமாக ஓட்டினால் நகம் மாட்டும். கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பிசிவி வால்வுக்கு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடுவது) போகும் சின்ன ஹோஸ். ஆயிலும் சூடும் பட்டு அது முனையில் பிஸ்கட் மாதிரி உடையும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கட். ஆயில் டிப்ஸ்டிக் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்க வேண்டாம். பல இன்ஜின்களில் அது வழியாகவும் காற்று நுழையும்.

கண்ணுக்குப் படவில்லை என்றால், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் லேசாக அடியுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் அதை ஒரு நொடி அடைக்கும், ஷார்ட் டேர்ம் ட்ரிம் சட்டென்று இறங்கும், சில சமயம் உஸ்ஸென்ற சத்தமும் மாறும். கனெக்டர்கள், இக்னிஷன் காயில் பக்கம் அடிக்காதீர்கள். கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான எக்சாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும், எனக்கு அதில் உடன்பாடில்லை. குனியும்போது ஃபேன் தானாகச் சுழலும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெட்ரோல் டேங்கின் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் ட்ரிம் கெடும். அதிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸை இடுக்கியால் மெதுவாக அமுக்கிப் பிடியுங்கள். ட்ரிம் நகர்ந்தால் ஆள் அவன்தான்.

எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் பொய்யாக லீன் என்று சொல்லும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்ற சத்தம் கேட்கிறதா, இணைப்பில் கரிக்கோடு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். புகையை இன்டேக்கில் ஏற்றினால் ஓட்டை வழியாக அதுவே வெளியே வந்து காட்டிக்கொடுக்கும்.

கூலன்ட் 91 சரியான அளவுதான். ஒருவேளை எப்போதாவது அது மைனஸ் 40 என்று காட்டினால் பயப்படாதீர்கள், ஒயர் அறுந்திருக்கிறது அல்லது பிளக் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓட்டையை அடைத்ததும் கோடை அழிக்காமல் ஐடிலில் ட்ரிம்மைப் பாருங்கள். லாங் டேர்ம் இன்னும் +19இல் நிற்க, ஷார்ட் டேர்ம் மைனஸ் 15, மைனஸ் 18 என்று கீழே விழும். புதுப் பிரச்சினை வந்துவிட்டதோ என்று தோன்றும். இல்லை, பழைய பழக்கத்தில் கூடுதலாக விட்ட பெட்ரோலை இப்போது கழிக்கிறது. அதைப் பார்த்த பிறகு கோடை அழித்து, சில நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள். மொத்த ட்ரிம் பத்துக்குள் வந்து நிற்கும். வேலை இல்லாதபோது ஸ்கேனரைப் பிடுங்கி வையுங்கள், பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

பின் சென்சார் 0.7இல் அசையாமல் நிற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது அப்படித்தான் நிற்க வேண்டும். முன்னால் ஏறி இறங்கும் ஆக்சிஜனை நடுவில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வாங்கி வைத்துச் சமன் செய்துவிடுகிறது. பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பித்தால், அப்போது எழுதுங்கள்.