சுங்கை சிப்புட்டில் எட்டுப் பேர், ஒரு கேஸ் தோங்

தம்பி, ஒரே மூச்சில் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை, வந்து ஒரு மாதம். பழைய லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் கேஸ் தோங் வாங்குகிற தகராறில் பேசிக்கொள்வதில்லை, இருவருமே உங்களைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். ஊரில் மனைவியோடு தினமும் போனில் சண்டை. கோயில் கமிட்டிக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? பொன்னி அரிசி எங்கே மலிவு? மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுப்பது எப்படி?

அரிசியை அடுத்த வீட்டு அக்காவிடம் கேளுங்கள். லைசென்ஸுக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள், ஒன்றையும் நம்பாமல் நேரே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டருக்குப் போங்கள். நான் சண்டையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் வந்த காலத்திலும் சிம் கார்டு, பணம் அனுப்புகிற கடை என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருந்தார்கள். சண்டை வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

வீட்டில் இருந்து தொடங்குவோம். 14 கிலோ கேஸ் தோங், அதாவது சிலிண்டர், இங்கே 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. எட்டால் வகுத்தால் தலைக்கு 3 வெள்ளி 33 காசு. இந்தக் காசுக்காக ஒரு மனிதன் மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவானா? "போன தடவையும் நான்தான் தூக்கிக்கிட்டு வந்தேன், ஒருத்தனாவது கேட்டானா?" என்பதுதான் உள்ளே கிடந்து புழுங்குவது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அதே பட்டியலில், துரைமாரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். கூலிக் கணக்கோடு சைக்கிள் கணக்கையும் சேர்த்து எழுதினார்களே, அதை மறந்துவிடாதீர்கள். எந்தச் சண்டையிலும் காசுக் கணக்கைத் தீர்ப்பதற்கு முன்னால் அந்தச் சைக்கிள் எது என்று தேடுங்கள்.

பேசாமல் இருக்கும் அந்த இருவருக்கு இடையே தூது மட்டும் போகாதீர்கள். நீங்கள் கொண்டுபோகும் ஒரு சொல் அங்கே போய்ச் சேரும்போது மூன்றாகியிருக்கும். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கால் மணி நேரம் உட்காருங்கள். என்ன நடந்தது, அதில் எது உறுத்துகிறது, என்ன நடந்தால் சரி என்று தோன்றும், இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் கேட்க வேண்டாம், தீர்ப்பும் சொல்ல வேண்டாம். பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். எதிரெதிரே வேண்டாம், ஒரே பெஞ்சில் பக்கம் பக்கமாக. ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், பேசியவர் "ஆமா, அதான்" என்று சொல்லும்வரை. அதற்குப் பிறகுதான் இவர் முறை. வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பாதிச் சண்டை அந்த "ஆமா, அதான்" என்ற இடத்திலேயே இறங்கிவிடும், ஏனென்றால் அதுவரை யாரும் அவரைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. சம்பள நாள் இரவில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். பாட்டில் திறந்த பிறகு கூடவே கூடாது. ஓய்வு நாளில் பசியாறிய பிறகு, ஒரு தேத்தாரே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உட்காரலாம்.

பேசுகிற முறையும் இருக்கிறது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான், நீங்கள் சொல்வது காதில் ஏறாது. "நேத்து ராத்திரி 12 மணிக்கு ஸ்பீக்கர்ல பேசினீங்க. எனக்கு விடியக்காலை அஞ்சரைக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தூக்கமே போச்சு. பத்தரைக்கு மேல இயர்போன் போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். இதில் நாள், நேரம், செயல், அதனால் எனக்கு வந்த கஷ்டம், செய்யக்கூடிய ஒரு கோரிக்கை எல்லாம் வந்துவிட்டன. அவன் குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆறியதும் ஒரு தாளை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டுங்கள். தோங் யார் முறை, அரிசி யார் முறை, கழிவறை எந்தக் கிழமை யார், விருந்தாளி வந்தால் எத்தனை நாள். இது கெட்டுப்போவதற்கு மூன்று வழி இருக்கிறது. வயதில் மூத்தவர் தனியாக எழுதி ஒட்டினால் கங்காணி உத்தரவு மாதிரி ஆகிவிடும், எட்டுப் பேரும் உட்கார்ந்து எழுத வேண்டும். அபராதம் வைத்தால் அபராதப் பணம் எங்கே போச்சு என்று புதுச் சண்டை வரும். முடிவு தேதி இல்லாவிட்டால் பிடிக்காதவன் தாளைக் கிழிப்பான். ஆகவே நான்கு வாரத்துக்கு மட்டும் என்று எழுதி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். சாமான் காணோம் என்ற சண்டையா? தொழிலாளர் தங்குமிடத்துக்கென்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 446-ஆம் எண், இருக்கிறது. அதன் விதிப்படி பூட்டுப் போடக்கூடிய அலமாரி தருவது முதலாளி பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குங்கள், ஒருவரை ஒருவர் திருடன் என்பது நிற்கும்.

மலாய்க்காரர், இந்தோனேசியர் கூட இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் ஆயிர் மூக்கா என்பார்கள், முகத்து நீர் என்று அர்த்தம், நம் மொழியில் மானம். நாலு பேர் முன்னால் சத்தம் போட்டால் அந்த நீர் வற்றிவிடும். பிறகு நீங்கள் சொல்வது நியாயமாகவே இருந்தாலும் எடுபடாது. ஆட்காட்டி விரலை நீட்டாதீர்கள், கட்டை விரலால் காட்டுங்கள். அவர்கள் மலாயில் "தாக் அப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பரவாயில்லை என்று பொருள்தான், ஆனால் மனதில் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. ரெண்டு நாள் கழித்துத் தனியாக "மாஃப்", மன்னிச்சிருங்க, என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உள்ளூர்த் தமிழரோடு வரும் உரசலுக்கு முக்கால்வாசி நம் வாய்தான் காரணம். கோபப்படாதீர்கள், உண்மையைச் சொல்கிறேன். வந்த மறுவாரமே "எங்க ஊர்ல இப்படி இல்ல", "உங்க தமிழ் சரியில்ல" என்று தொடங்குகிறவர்களை நிறையப் பார்க்கலாம். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று அழகாகச் சொல்கிறவர்களுக்கா தமிழ் சொல்லிக் கொடுப்பது? மண்டோரை (மேற்பார்வையாளரை) அண்ணே என்று கூப்பிடுங்கள், கிராணியை (குமாஸ்தாவை) ஐயா என்று. யோவ், டேய் எல்லாம் விமான நிலையத்தோடு போகட்டும். அவர்களும் சும்மா இல்லை, "இந்தியாக்காரன்" என்று சொல்லும் தொனியிலேயே ஒரு இளக்காரம் இருக்கும். அதற்கு அன்றைக்கே பதில் சொல்லத் தோன்றும். வேண்டாம். முக்கியமாக வாட்சாப் குழுவில் வேண்டாம். குரல் பதிவில் ஒருமுறை திட்டினால் அது பினாங்கு வரை போய்த் திரும்பி வரும். லயத்துச் சண்டையை வீடியோ எடுத்துப் போடுகிற ஜென்மங்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் உங்கள் கேள்வி மறந்துவிடும்.

இனி மனைவி. இந்த நாட்டு மணி நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர் பிள்ளையைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவி, ஒன்பதரைக்கு உட்காரும்போது உங்களுக்கு நள்ளிரவு 12. நாள் முழுக்கக் குலை வெட்டிய கை, அவருக்கோ அன்றைய நாளின் முதல் ஓய்வு. அந்த நேரத்தில் பணம் பேசினால் சண்டை வராமல் இருந்தால்தான் அதிசயம். தினமும் பத்து நிமிடம் சும்மா பேசுங்கள். கணக்கு வழக்குக்கு வாரத்தில் ஒரு நாள், ஓய்வு நாள் பகலில். சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பிடித்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று அவரும் பார்க்கட்டும். வெள்ளியை ரூபாயாக்கிப் பெருமையடித்த வாய்தான் பிறகு "அவ்வளவு சம்பளம் எங்கே போச்சு?" என்ற கேள்விக்கு விழிக்கிறது.

கணவன் மனைவி சண்டைகளைப் பல்லாண்டு படம் பிடித்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் சொல்வது இந்த இடத்தில் உதவும். கோபத்தில் இதயம் படபடக்கும்போது மனிதனுக்குக் காது கேட்பதில்லை, அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆனால் போனைப் பட்டென்று வைக்காதீர்கள், அது அங்கே கதவைச் சாத்தின மாதிரி கேட்கும். "இப்ப கோவமா இருக்கேன், அரை மணி கழிச்சு நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள், சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் "இவ இப்படித்தான்" என்று மனதில் அரைத்துக்கொண்டிருந்தால் படபடப்பு அடங்காது. துணி துவையுங்கள், லயத்தைச் சுற்றி நடங்கள். உறவை அரிப்பதில் முதலிடம் ஏளனத்துக்கு என்றும் அவர் சொல்கிறார். கத்துவதைவிட அந்த "ம்ம்க்கும்" ஆபத்தானது.

கை ஓங்கும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே சமாதானம் பேசி அடிபட்டவரைத் திருப்பி அனுப்பும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் செய்வது பாவம். இங்கே 1994-இலேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. அவசரத்துக்கு 999, தாலியான் காசிஹ் என்ற உதவி எண் 15999.

வேலை இடத்துச் சண்டையைச் சுருக்கிவிடுகிறேன், இதில் உணர்ச்சியைவிட நோட்டுப் புத்தகம் பெரிது. தேதி, வந்த மணி, போன மணி, குலை எண்ணிக்கை, தினமும். வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம், இதெல்லாம் 1955 வேலைச் சட்டத்தில் உள்ளவை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். முதலில் மண்டோரிடம் வாயால், அடுத்து மேனேஜருக்குத் தேதி போட்ட வாட்சாப் செய்தியால், அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார், வக்கீல் தேவையில்லை. ஓடிப்போவது மட்டும் வேண்டாம். பெர்மிட் அந்த முதலாளி பெயரில் இருக்கிறது. கேட்டைத் தாண்டிய மறுநாள், நியாயம் கேட்க வேண்டிய நீங்கள் தேடப்படும் ஆளாகிவிடுவீர்கள்.

கோயில் கமிட்டி? சாமி கும்பிடுங்கள், பந்தலில் வேலை செய்யுங்கள், அன்னதானத்துக்கு வெங்காயம் உரியுங்கள். கமிட்டியில் ஓராண்டுக்குச் சேராதீர்கள். முதல் மரியாதை யாருக்கு, எந்த நாள் உபயம் யாருடையது என்பதற்குப் பின்னால் மூன்று தலைமுறைக் கணக்கு இருக்கும், உங்களை ஓட்டுக்காகக் கூப்பிடுவார்கள். ரொம்ப வற்புறுத்தினால் ஒன்று கேளுங்கள்: ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு கணக்கு அனுப்பினீர்களா? பதில் வருகிற வேகத்திலேயே தெரிந்துவிடும். நன்கொடைக்கு ரசீது வாங்குங்கள். லயத்தில் கூட்டு பிடிக்கிறார்கள் என்றால், நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான், விலகியே இருங்கள். அதைத் தொழிலாக நடத்துவதை 1971-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பணம் போனால் போலீஸ் வாசலில் நீங்கள்தான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

உள்ளுக்குள் நடக்கும் சண்டையைக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் எழுத்தில் அது தெரிகிறது. ஏஜெண்ட் கடன், கூட வந்தவன் கார் முன்னால் நின்று போட்ட போட்டோ, திரும்பிப் போனால் ஊர் என்ன சொல்லும். யார்மேலாவது எரிச்சல் பொங்கும்போது முதலில் பாருங்கள்: பசியா, தூக்கமா, தனிமையா? மூன்றும் இல்லை என்றால் ஒரு தாளில், நடந்தது இது, நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இது, எனக்கு வேண்டியது இது என்று மூன்று வரி எழுதுங்கள். இரண்டாவது வரியில் "என்னை மதிக்கல" என்று வந்தால், நடந்ததை இன்னொரு தடவை படியுங்கள். பல நேரம் அவன் உங்களைக் கவனிக்கவே இல்லை என்றுதான் இருக்கும்.

பால்மரம் (ரப்பர்) இருந்த நாளில் இந்த லயங்களில் கதவே சாத்த மாட்டார்கள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பத்து வீட்டுக்குத் தெரியும், சண்டையும் அப்படித்தான். ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், அடுத்தடுத்த நிரையில் பால் வெட்ட வேண்டும், பிள்ளைகள் இரண்டும் ஒரே ஆயாக் கொட்டகையில். ஒதுங்க இடமில்லாததால் ஒத்துப்போனார்கள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று ஆட்களைக் கிளப்பத் தொடங்கிய காலத்தில், இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். துரையைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார்கள். இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பழைய ஆட்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்க் கேட் போட்டுக்கொண்டார்கள். அந்த லயத்தில்தான் நீங்கள் எட்டுப் பேர் இருக்கிறீர்கள்.

தோங் இந்த மாதம் யார் முறை என்று இன்று ராத்திரி கேட்டு வையுங்கள். யார் முறையாக இருந்தாலும், தூக்கிவரக் கூடப் போங்கள். காலித் தோங்கே கனக்கும்.