காலையில் கிளம்பாத வண்டி, மலையில் ஏறும் சூடு: பிக்கப் கேள்வி-பதில்

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் என் டீசல் பிக்கப், இரவு நின்றபின் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. பிறகு நாள் முழுவதும் ஒரே அடியில் எடுக்கிறது. பேட்டரி, குளோ பிளக் (குளிர்ந்த என்ஜின் கிளம்ப உள்ளே சூடேற்றும் பிளக்) இரண்டையும் மாற்றிவிட்டேன்.

பதில்: என்ஜின் வேகமாகச் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல இடமில்லை, நம் சமவெளி வெப்பத்தில் குளோ பிளக் மட்டுமே இவ்வளவு தாமதத்துக்குக் காரணமாவதும் அரிது. குழாயில் இருக்க வேண்டிய டீசல் இரவில் டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்று கருதுகிறேன். டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்டது உறிஞ்சும் பகுதி என்பதால், அங்கே கிளிப் தளர்ந்திருந்தாலும் வண்டி ஓடும்போது டீசல் வெளியே கசிவதில்லை, காற்றுதான் உள்ளே போகிறது. ஈரமே தென்படாததால் மெக்கானிக்கும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். நாளைக் காலை சாவியைத் திருப்புவதற்கு முன், டீசல் ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்துங்கள். வண்டி உடனே கிளம்பினால், ஃபில்டரின் ரப்பர் வளையம், குழாய் முனைகளின் வாஷர், ஹோஸ் கிளிப் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேங்குக்குள்ளேயே மின் பம்பு உள்ள வண்டிகளுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. காமன் ரெயில் என்ஜினில் (உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கிப் பகிர்வது), டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் குழாயைத் தளர்த்திக் காற்றெடுக்கும் பழைய வழக்கத்தை எவரையும் செய்ய விடாதீர்கள்; ஓடும்போது அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துவிடும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மட்டும் சூட்டு முள் மேலே போகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: பொறுங்கள். நெடுஞ்சாலையில் வண்டியின் வேகமே ரேடியேட்டருக்குக் காற்றைத் தருகிறது. இரண்டாம் கியரில் மலையேறும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. எனவே முதலில் ஃபேன் கிளட்சை, அதாவது சூடேறும்போது ஃபேனை என்ஜினோடு பிணைக்கும் பாகத்தை, சோதிக்க வேண்டும்: சூடான என்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றினால், தடையின்றிப் பல சுற்று ஓடக் கூடாது. ரேடியேட்டர் இதழ்களில் அடைந்த மண்ணையும் நீக்குங்கள். சமவெளியில் வேகமாக ஓடும்போதும் சூடேறினால்தான் ரேடியேட்டரின் உள்ளடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, அதில் குமிழிகளும் விடாமல் எழுந்தால் ஹெட் கேஸ்கெட்டை (என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையே அடைக்கும் தகடு) பார்க்க வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: லோடுடன் மேடேறும்போது என்ஜின் இரைகிறது, வேகம் கூடவில்லை.

பதில்: கிளட்ச் வழுக்குகிறது. ஆனால் கியர்பாக்ஸை இறக்குமுன் கிளட்ச் பெடலில் ஃப்ரீ பிளே (அழுத்தத் தொடங்கியதும் தடையின்றி இறங்கும் சிறு இடைவெளி) இருக்கிறதா என்று பாருங்கள். அது அறவே இல்லாவிட்டால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.

கேள்வி: புறப்படும்போது மட்டும் வண்டியின் அடியில் அதிர்வு; வேகமெடுத்தால் நின்றுவிடுகிறது. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்ட் போய்விட்டதா?

பதில்: ஷாஃப்டின் நடுவிலுள்ள சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஷாஃப்டின் மூட்டிலுள்ள சிலுவை வடிவக் கிராஸைச் சுற்றிச் செந்துரு படிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், அண்மையில் பின்புறம் ஸ்பிரிங் பட்டை சேர்த்தீர்களா என்று எண்ணிப் பாருங்கள். கூடுதல் லோடுக்காகப் பட்டை சேர்ப்பது நம்மிடையே பரவலாக இருக்கிறது. பின்பகுதி உயர்ந்து ஷாஃப்டின் கோணம் மாறிவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. சேர்த்த பட்டையைக் கழற்றிவிட்டு, அனுமதித்த எடையுடன் ஒரு நடை ஓட்டிப் பார்த்த பிறகே ஷாஃப்டுக்குச் செலவழியுங்கள்.