டை போட்டு மரை வெட்டும்போது வரும் கோளாறுகள்: கேள்வி பதில்

கேள்வி: எம்10 × 1.5 டை (ராடின் வெளிப்புறம் மரை வெட்டும் வளையக் கருவி) ராடில் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் முனையைச் சீவிவிட்டு நிற்கிறது. டை மழுங்கிவிட்டதா?

பதில்: டையைக் குறை சொல்லும் முன் ராடை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். ராடின் விட்டம் பெயரளவை விடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பிட்ச்சில், அதாவது அடுத்தடுத்த மரைகளின் இடைவெளியில் (எம்10 × 1.5 என்றால் விட்டம் 10, பிட்ச் 1.5 மி.மீ.), பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும்: எம்10க்கு 9.85, எம்8 × 1.25க்கு 7.87, எம்6 × 1க்கு 5.9 மி.மீ. இதனால் மரை வலுவிழக்காது. வழக்கமான 6ஜி டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கப்படும் வித்தியாசம்) எம்10 போல்ட்டின் வெளிவிட்டம் 9.732 வரை இறங்க இடம் தருகிறது. கறுப்புச் செதில் உள்ள ராடு என்றால் செதிலை முழுதாக எடுத்துவிடுங்கள். டையின் பல்லைத் தின்பதில் அதற்கு இணை இல்லை.

அடுத்தது சேம்பர், அதாவது ராடின் முனையில் போடும் சரிவு. ஓரத்தை லேசாகத் தேய்த்துவிட்டால் போதாது. எம்10 மரையின் அடி விட்டம் ஏறக்குறைய 8.16 மி.மீ. அதனால் ராடின் முனை 8 மி.மீ. ஆகும் வரை சரிவு வேண்டும். 45 டிகிரியை விட, அச்சிலிருந்து 30 டிகிரியில் நீளமாகச் சரித்தால் டை இன்னும் எளிதாக ஏறும். டையையும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அளவு பொறித்த முகத்தில்தான் தொடக்கச் சரிவு அதிகம். அந்த முகம் ராடைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மரை விழுகிறது, ஆனால் கோணலாக. நட்டு போட்டுச் சுற்றினால் ஆடுகிறது.

பதில்: தொடங்கிய முதல் சுற்றிலேயே டை சாய்ந்திருக்கிறது. ஒரு மரை விழுந்ததும் நிறுத்தி, மூலைமட்டத்தை ராடோடு சேர்த்து வைத்து, 90 டிகிரி தள்ளி இரண்டு இடங்களில் சரிபாருங்கள். மூன்று மரை ஆழமாக விழுந்த பிறகு கைப்பிடியை ஒரு பக்கம் அழுத்தி நிமிர்த்தப் பார்ப்பது வீண் வேலை. டை பழைய தடத்தில்தான் போகும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் வெட்டும். அந்த நுனியை அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். லேத் இருந்தால் ராடை சக்கில் பிடித்து, டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிரே நகரும் பகுதி) முகத்தை டை ஸ்டாக்கின் (டையைப் பிடிக்கும் கைப்பிடி) முதுகில் அணைத்து, சக்கைக் கையால் சுற்றுங்கள். டை முன்னேற முன்னேற டெயில் ஸ்டாக்கும் பின்தொடர வேண்டும். பின்தங்கினால் பிடிமானம் போய்விடும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் மரையின் ஒரு பக்கச் சரிவு சீவப்பட்டு மெலியும்.

கேள்வி: எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) ராடில் மரையின் உச்சி பிய்ந்து பிய்ந்து வருகிறது. எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) ராடில் இவ்வளவு மோசமில்லை.

பதில்: 304 வெட்டாமல் உரசினால் அந்த இடத்திலேயே இறுகிவிடும். மழுங்கிய டையும் தயங்கித் தயங்கிச் சுற்றுவதும் அதற்கு ஆகாது. ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டை, கந்தகம் கலந்த கட்டிங் ஆயில், தயங்காத அழுத்தமான சுற்று மூன்றும் வேண்டும். மெஷின் ஆயில் இங்கே சரிவராது. வெட்டும்போது உலோகம் பிதுங்கி மேலெழுவதால், எம்10க்கு ராடை 9.8 வரை இறக்கினால் பிய்ச்சல் வெகுவாகக் குறையும். அலுமினியத்திலும் இதே பிதுக்கம் உண்டு. அதற்கு மண்ணெண்ணெய் போதும். பித்தளையும் வார்ப்பிரும்பும் எண்ணெய் இல்லாமலே வெட்டும்.

அரை சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்ற பழக்கம் சுருளை உடைக்கத்தான். உடைந்த துகள் டையின் துளைகளில் அடைந்து நின்றால், பின்னே திருப்பும்போது அதுவே புது மரையைக் கீறும். எம்12க்கு மேல் போனால் நடுவில் ஒருமுறை டையைக் கழற்றித் தூரிகையால் துடையுங்கள்.

கேள்வி: மரை அழகாக இருக்கிறது, நட்டு இறுக்கமாகப் போகிறது. எந்த ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்?

பதில்: பிளவு டை (ஒரு பக்கம் பிளந்து, அளவைச் சற்றுக் கூட்டிக் குறைக்கக்கூடியது) என்றால் பிளவுக்கு நேராக நிற்கும் நடு ஸ்க்ரூ டையை விரிக்கும், பக்கத்து இரண்டும் சுருக்கும். முதல் வெட்டை விரித்த நிலையில் போட்டு நட்டைப் பொருத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நடு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பக்கத்து இரண்டையும் சம அளவில் கொஞ்சம் முடுக்கி மறுபடி ஓட்டுங்கள். முதலிலேயே சுருக்கி வெட்டிவிட்டால் நட்டு தொளதொளவென்று ஆகிவிடும்; அதற்கு மாற்று இல்லை. நடு ஸ்க்ரூவை வெறியோடு முடுக்கினால் பிளவுக்கு எதிர்ப்பக்கம் டை விரிந்து உடையும்.

கேள்வி: நட்டு மூன்று சுற்று சுலபமாகப் போய்ச் சிக்கிக்கொள்கிறது.

பதில்: பிட்ச் பொருந்தவில்லை. மரை கேஜ் (பிட்ச் பார்க்கும் பல் தகடுகள்) வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் பத்து மரையின் நீளத்தை அளங்கள். எம்10 × 1.5 என்றால் 15 மி.மீ.; இஞ்சுக்கு 16 மரை உள்ள 3/8 என்றால் 15.88. அரை இஞ்சு விட்டத்தில் பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் தர மரை) என்றால் இஞ்சுக்கு 12 மரை, யூ.என்.சி. (அமெரிக்கத் தர மரை) என்றால் 13 மரை, இந்த இரண்டும் அடிக்கடி கலந்துவிடும்.

கேள்வி: ராடு தடிக்கும் தோள் வரை மரை வேண்டும், கடைசி இரண்டு மூன்று மரை அரைகுறையாக நிற்கிறது.

பதில்: டையின் தொடக்கச் சரிவு விட்டுவைத்த இடம் அது. முழுதாக வெட்டி முடித்த பின் டையைத் தலைகீழாகத் திருப்பி அதே மரையில் மறுபடி ஓட்டுங்கள். தொடக்கத்தையே திருப்பிய டையில் செய்யாதீர்கள்.

கேள்வி: அறுகோண டை நட்டை ஸ்பேனரில் பிடித்துப் புது மரை போடலாமா?

பதில்: வேண்டாம். அது நசுங்கிய மரையைச் சீர்செய்ய. 12.9 என்ற உயர் வலிமைத் தர போல்ட்டில் எந்தச் சாதாரண டையையும் ஏற்றாதீர்கள். அதன் கடினம் 39 முதல் 44 ஹெச்.ஆர்.சி. (ராக்வெல் சி கடின அளவு), டையின் பல் போய்விடும்.